சைக்கிள் கொடுக்கும்போது பிள்ளையை ஒருமுறை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. பாடசாலை முற்றத்தில் புதுச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. சீற்றில் சுற்றிய பொலித்தீன்கூட இன்னும் கழற்றப்படவில்லை. ஒவ்வொன்றின் அருகிலும் வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை. பின்னால் அதிபரும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகளும், ஊர்ப் பெரியவர்களும். தூரத்துப் பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகத் தம் உழைப்பில் ஒரு பங்கை அனுப்புகின்ற அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் நீண்ட காலம் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். ஒரு சைக்கிள் ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆயினும் அந்தப் படங்களைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் என் கண் வேறொன்றில் போய் நிற்கிறது. வண்டிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வகை. ஹாண்டில் நேர்க்கம்பியாக, சீற்றைவிடப் பதிந்து, எட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகளோ ஒருவர் நாலரை அடி, அடுத்தவர் ஐந்தரை அடி. இந்தப் பொருத்தமின்மையைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். என் வீட்டிலேயே அது நடந்த பிறகு இனியும் பொறுக்கக் கூடாது என்று தோன்றியது.

தரம் 8இல் படிக்கும் என் பேத்திக்குக் கடந்த ஆண்டு அப்படியொரு சைக்கிள் கிடைத்தது. தடித்த ரயரும் நேர் ஹாண்டிலும் கொண்ட, மலைப்பாதைச் சைக்கிளைப் போலத் தோற்றமளிக்கும் வண்டி. உப்புவெளியிலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு நாலைந்து கிலோமீற்றர் போய்வர அவளுக்கு அது பெரிய உதவிதான். மூன்று கிழமை கழிந்திருக்கும், ஒரு மாலை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பேனையை வைத்துவிட்டு, "அம்மப்பா, சின்ன விரலும் பக்கத்து விரலும் விறைச்சுப் போகுது, பேனை பிடிக்க ஏலாமல் கிடக்கு" என்றாள். பிடரி வலிக்கிறது என்று அதற்கு முன்பே தாயிடம் சொல்லியிருக்கிறாள். தலையணையை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலை நான் வாசலில் நின்று அவள் புறப்படுவதைக் கவனித்தேன். இரண்டு கைகளும் முழங்கை மடியாமல் விறைத்து நீண்டிருக்க, உடல் முன்னே சரிந்து, அதன் பாரமெல்லாம் உள்ளங்கைகளில் இறங்கியிருந்தது. வீதியைப் பார்க்க வேண்டியதால் தலை மட்டும் பின்னோக்கி நிமிர்ந்திருந்தது. முதுகிலிருந்த புத்தகப் பை சரிவில் வழுக்கிக் கழுத்தடிக்கு வந்துவிட்டது.

பாரம் எங்கே போகிறது என்று பார்த்தால் இதிலுள்ள காரணம் எவருக்கும் விளங்கும். சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் உடலைத் தாங்குவன மூன்று இடங்கள்: சீற், பெடல், ஹாண்டில். நிமிர்ந்து அமர்ந்தால் பாரத்தின் பெரும்பங்கு சீற்றில் இறங்கும். கைகள் ஹாண்டிலைத் திருப்புவதற்கு மட்டுமே வேண்டியிருக்கும். குனியக் குனிய அந்தப் பாரத்தில் ஒரு பகுதி கைகளுக்கு மாறுகிறது. முழங்கையின் உட்புறமாக இறங்கி, மணிக்கட்டின் சின்னவிரல் பக்கத்தால் உள்ளங்கைக்குள் நுழைந்து, சின்னவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் போகின்ற அல்னார் நரம்பு, ஹாண்டிலுக்கும் எலும்புக்கும் இடையே நசிபடும்போது அந்த இரண்டு விரல்களும் விறைக்கின்றன. நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களிடையே வைத்தியர்கள் நன்கறிந்த தொல்லை இது. பிடரி வலிக்கும் காரணம் இவ்வளவு எளிதானதே. வளர்ந்தவர் ஒருவரின் தலை நான்கு, ஐந்து கிலோகிராம் இருக்கும்; நிமிர்ந்த உடலில் அது முதுகெலும்பின் உச்சியில் சமநிலையாக நிற்கும்; முன்னே சரிந்த உடலிலோ அதைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் வேலை முழுவதும் கழுத்துத் தசைகளுக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் பந்தய வீரர்கள் மணிக்கணக்காகக் குனிந்தே ஓட்டுகிறார்களே, அவர்களுக்கு வலிக்காதா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி, இதன் விடையில்தான் விடயமே அடங்கியிருக்கிறது. வீரர் ஒருவர் பெடலைப் பலமாக மிதிக்கும்போது பெடலும் அவரை அதே பலத்தோடு மேலே தள்ளுகிறது. நியூற்றனின் மூன்றாம் விதியைப் படித்த மாணவர் எவரும் இதைச் சொல்வார். அந்த எதிர்விசை உடலின் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்வதால் வீரரின் கைகளிலும் சீற்றிலும் இறங்கும் சுமை குறைகிறது. பல ஆண்டுப் பயிற்சியால் உரமேறிய முதுகும் வயிற்றுத் தசைகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. அதே வண்டியில் ஏறி ஆறுதலாக மிதித்துச் செல்லும் பாடசாலைப் பிள்ளைக்குப் பெடலிலிருந்து கிடைக்கும் தாங்கல் மிகக் குறைவு. ஆகவே அதே குனிவு வீரருக்கு இயல்பாகவும் பிள்ளைக்குத் தண்டனையாகவும் ஆகிவிடுகிறது.

வீரர்கள் குனிவதும் சுகத்துக்காக அன்று, காற்றுக்காகத்தான். 1993இல் ஸ்கொட்லாந்து வீரர் கிரேம் ஒப்ரி தானே செய்த சைக்கிளில், கைகளை மார்பின்கீழ் மடித்து அதன்மேல் கவிழ்ந்தபடி, ஒரு மணித்தியாலத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை படைத்தார். மறு ஆண்டே அந்த இருக்கை நிலையைச் சர்வதேசச் சைக்கிளோட்ட ஒன்றியம் தடைசெய்தது. அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பு, 1933இல், பிரான்ஸ் நாட்டின் பிரான்சிஸ் ஃபோர் பின்னே சாய்ந்து கால்களை முன்னே நீட்டி ஓட்டும் வண்டியில் இதே மணித்தியாலச் சாதனையை முறியடித்தபோது, 1934இல் அவ்வகை வண்டிகளும் பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டன. கழுத்தும் கையும் நோகாமல், நாற்காலியில் சாய்ந்திருப்பதுபோல இருந்துகொண்டே வேகமாகப் போகலாம் என்பதை அந்த வண்டி காட்டியிருந்தது. பந்தயச் சைக்கிளின் இன்றைய உருவம் காற்றின் தடையாலும் போட்டி விதிகளாலும் அமைந்தது என்பதையே இவை சொல்கின்றன. நேர் ஹாண்டிலும் அப்படியே மலைச்சரிவில் துள்ளும் வண்டியை அடக்கிப் பிடிப்பதற்கென்று ஒரு தேவையோடு பிறந்தது. இவற்றைத் தோற்றத்துக்காக எடுத்து நாளாந்தப் பயண வண்டியில் பூட்டுவதால் வரும் தொல்லையைத்தான் என் பேத்தியின் விரல்களில் கண்டேன்.

காற்றின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். ஆகவே மணிக்கு 30, 40 கிலோமீற்றரில் ஓடும் வீரருக்குக் குனிவதால் கிடைக்கும் இலாபம் மிகப் பெரிது. மணிக்கு 12, 15 கிலோமீற்றரில் செல்லும் பிள்ளைக்கு அது மிகச் சிறிது. குனிவதால் அவள் 15இலிருந்து 16 கிலோமீற்றர் வேகத்துக்கு உயர்ந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோமீற்றர் தூரத்தை 20 நிமிடத்துக்குப் பதிலாக 18 நிமிடம் 45 செக்கனில் கடப்பாள். ஒன்றேகால் நிமிடத்துக்காக நாளெல்லாம் விரல் விறைக்க வேண்டுமா? ரயருக்கு ஒழுங்காகக் காற்றடித்தால் அந்த நேரம் வலியில்லாமலே கிடைத்துவிடும்.

எங்கள் மாவட்டத்தில் காற்று எப்போதும் இவ்வளவு சாதுவாக இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் வீசும்போது நிமிர்ந்த உடல் பாய் விரித்ததுபோலாகிவிடும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றை எதிர்த்து 15இல் ஓட்டுபவரின் மார்பில் 35 கிலோமீற்றர் வேகக் காற்று மோதுகிறது. தடை ஐந்து மடங்குக்கு மேல். 2009இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் மறைப்புக்கு ஒரு மரமும் இல்லாத வெளியில் காற்றோடு மல்லுக்கட்டியபடி போகும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அத்தகைய இடத்தில் முழங்கையை மடித்துச் சில நிமிடம் குனிந்து போவதே புத்தி. நிமிர்ந்து ஓட்டும் வண்டியில் தேவைப்படும்போது குனியலாம். எட்டத்தில் ஹாண்டில் வைத்த வண்டியிலோ விரும்பினாலும் நிமிர முடியாது. உவர்மலை ஏற்றத்திலும் நிமிர்ந்த வண்டி சற்றுச் சிரமம் கொடுக்கும். எழுந்து நின்று மிதிக்கலாம், இல்லாவிட்டால் இறங்கி உருட்டலாம். அந்த ஏற்றம் சில நிமிட வேலைதான்.

நிமிர்ந்த நிலைக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. பாரமெல்லாம் சீற்றில் இறங்குவதால் குழியில் விழும் ஒவ்வொரு அதிர்ச்சியும் முதுகெலும்பின்வழியே நேராக மேலேறும். நாரி உளைவு அதனாலும் வரும். என் தகப்பனார் ஓட்டிய 28 அங்குலச் சில்லு றலி சைக்கிளில் அகன்ற தோல் சீற்றுக்கு அடியில் இரண்டு தடித்த சுருள்வில்கள் இருந்தன. சிறுவயதில் அவற்றை அழகுக்கென்று நினைத்திருந்தேன். நிமிர்ந்து அமர்பவருக்கு அவை எவ்வளவு அவசியம் என்பது பின்னாளில்தான் புரிந்தது. இடுப்பெலும்பின் அடியில் நாம் அமரும் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. நிமிர்ந்து அமர்கையில் உடல் அவற்றின்மேல் நிற்பதால் அகன்ற சீற் வேண்டும். குனியும்போது இடுப்பு முன்னே உருண்டு, நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடும் மென்மையான பகுதி சீற்றின் மூக்கில் அழுந்துகிறது. அதனால் வரும் விறைப்பைப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வீட்டில் வாய்திறந்து சொல்வதில்லை. ஹாண்டிலை மட்டும் உயர்த்திவிட்டு ஒடுங்கிய பந்தய சீற்றை அப்படியே விட்டாலும் வேலை அரைகுறைதான். முதுகை முற்றிலும் நிலைக்குத்தாக வைப்பதைவிட 15, 20 பாகை முன்னே சாய்ந்திருப்பது நல்லது என்பது என் அனுபவம். அதிர்ச்சியில் கொஞ்சத்தைக் கைகள் வாங்கிக்கொள்ளும்; தொடைக்கும் புட்டத்துக்கும் உரிய தசைகளும் நன்றாக வேலைசெய்யும்.

இன்னொரு நன்மையை எங்கள் நகரத்தவர் உடனே ஒத்துக்கொள்வார்கள். நிமிர்ந்திருப்பவரின் கண் உயரத்தில் இருக்கிறது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் டிப்பரைப் பார்க்கும்போது வண்டி ஆடாது. வீதியோரம் மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஒன்று திடீரெனக் குறுக்கே பாய்ந்தாலும், முச்சக்கரவண்டி சைகை காட்டாமல் திரும்பினாலும், முன்கூட்டியே தெரியும்.

இனி, பேத்தியின் வண்டிக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அதை உருட்டிக்கொண்டு, மரநிழலில் சைக்கிள் திருத்தும் ஒருவரிடம் போனேன். அவர் அவளை ஏற்றி அமர்த்தி ஒரு தரம் பார்த்தார். பிறகு ஹாண்டில் தண்டின் உச்சியிலுள்ள போல்ட்டை நாலைந்து சுற்றுத் தளர்த்தி, அதன்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினார். உள்ளே இறுகிக் கிடந்த ஆப்பு விட்டுக் கொடுத்தது. தண்டை இரண்டு விரற்கடை உயர்த்தியவர், அதில் பொறித்திருந்த ஒரு கோட்டை எனக்குக் காட்டி, "இந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது மாஸ்ரர், தெரிஞ்சால் தண்டு ஒருநாள் கையோட கழன்று வரும்" என்றார். பின்பு நேர்க்கம்பியைக் கழற்றிவிட்டு, மாட்டுக் கொம்புபோலப் பின்னோக்கி வளைந்த பழைய மாதிரி ஹாண்டிலைப் பூட்டினார். பிறேக் வயர் நீளம் காணாமல் போனதால் அதையும் மாற்ற வேண்டியிருந்தது. வில் வைத்த அகன்ற சீற் ஒன்று, பைக்கு ஒரு கரியர். கூலியோடு எல்லாம் சேர்த்து ஒரு சோடி பாடசாலைச் சப்பாத்தின் விலைகூட வரவில்லை. பத்து நாளில் விரல் விறைப்பு நின்றது. பிடரி வலியும் மெல்ல மெல்லப் போய்விட்டது. எல்லா வண்டிகளிலும் தண்டை இப்படி உயர்த்த முடியாது. ஆனால் ஹாண்டிலை மாற்ற முடியாத வண்டியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

வளர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து, எங்கள் ஒழுங்கையில் பலர் சைக்கிள் வாங்கினார்கள். எரிபொருள் வந்ததும் அவற்றில் பாதி சுவரோரம் சாய்ந்துவிட்டன. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், நாரி பிடிக்கிறது, தோள் நோகிறது என்றே சொல்கிறார்கள். எவரும் ஹாண்டிலைத் தொட்டுப் பார்த்ததாகச் சொல்லவில்லை. மக்களைவிடச் சைக்கிள்கள் அதிகமாக உள்ள நெதர்லாந்தில் பாட்டிமாரும் வேலைக்குப் போகிறவர்களும் நிமிர்ந்தே ஓட்டுகிறார்கள். அவர்களுடைய வண்டிகளின் ஹாண்டில் என் தகப்பனாரின் றலியைப் போலவே உயர்ந்து பின்னோக்கி வளைந்திருக்கிறது. அங்கு வாழும் எங்கள் உறவுகள் அதை நாள்தோறும் காண்கிறார்கள். ஊருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் அனுப்பும்போது அதே வகை வண்டியைக் கேட்டு வாங்கும்படி சொல்ல அவர்களால் முடியும்.

ஆகையால் அன்பளிப்புச் செய்யும் நல்லுள்ளங்களிடமும், அவற்றை ஒழுங்குசெய்யும் பாடசாலைச் சமூகத்திடமும், விற்பனை செய்யும் கடைக்காரரிடமும் நான் கேட்பது இதுதான். வண்டிகளுக்குக் கட்டளை கொடுப்பதற்கு முன், பெறப்போகும் பிள்ளைகளின் உயரத்தையும் காலின் உட்புற நீளத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். ஒரே அளவில் இருபது வாங்குவதிலும் பார்க்க மூன்று அளவுகளில் இருபது வாங்கக் கூடுதல் செலவு அதிகம் வராது. சீருடைச் சட்டையோடு ஓட்டும் பெண்பிள்ளைகளுக்குக் குறுக்குப் பார் இல்லாத, தாழ்ந்த சட்டம் கொண்ட வண்டியைத் தெரிவுசெய்யுங்கள். கையளிக்கும் நாளில், படம் எடுப்பதற்கு முன்னதாகவே, பிள்ளையைச் சுவரோரமாக வண்டியில் ஏற்றி அமர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் இடுப்பு சரியாமல் கால் நேராக வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். ஓட்டப் பழகும் பிள்ளைக்கு இதைவிடச் சற்றுத் தாழ்வாக, கால்விரல் நிலத்தில் ஊன்றும்படி வைக்கலாம். பின்பு ஹாண்டிலைப் பிடித்திருக்கும் கைகளை ஒரு கணம் எடுக்கச் சொல்லுங்கள். உடல் முன்னே விழாமல் நின்றால் ஹாண்டில் சரியான இடத்தில் இருக்கிறது. விழுந்தால் அதை உயர்த்த வேண்டும், அல்லது கிட்டக் கொண்டுவர வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தரம் 6இல் பொருந்திய வண்டி தரம் 8இல் பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை, முதலாம் தவணை தொடங்கும்போது, ஊரிலுள்ள சைக்கிள் திருத்துபவர் ஒருவரைப் பாடசாலைக்கு அழைத்து, உரிய கூலி கொடுத்து, எல்லா வண்டிகளின் சீற்றையும் ஹாண்டிலையும் பிறேக்கையும் பார்க்கச் செய்தால் அவருக்கும் ஒரு நாள் உழைப்புக் கிடைக்கும்.

திருகோணமலை நகரத்திலோ உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலோ எந்தப் பாடசாலையாவது இதற்கு ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குமானால், அளவு நாடாவோடும் ஸ்பானரோடும் வந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் பேத்தியின் வண்டியைத் திருத்தியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.